சிறிய சிற்றுண்டிக் கடையில் விலையை உயர்த்துவது எப்படி

சிற்றுண்டிக் கடை நடத்துபவர்கள் மிக அதிகமாகத் தள்ளிப்போடும் முடிவு, இட்லியின் விலையை 5 ரூபாய் உயர்த்தும் முடிவுதான். உளுந்து விலை ஏறும்போது பொறுத்துக்கொள்வார்கள், மாஸ்டரின் சம்பளம் கூடும்போதும் பொறுத்துக்கொள்வார்கள். மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்க முடியாத நாள் வந்ததும், பதற்றத்தில் ஒரே இரவில் 15 ரூபாய் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கத் தயங்கி நிற்பார்கள். சிற்றுண்டிக் கடை ஒன்றில் சில ஆண்டுகள் கணக்கெழுதியபோது இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எத்தனை ரூபாய் ஏறியது என்பதைவிட, ஏன் ஏறியது என்று வாடிக்கையாளர் எண்ணுகிறார் என்பதே அவர் மீண்டும் வருவதையும் வராமல் போவதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் அதிலிருந்து பிறப்பதே.

முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு தட்டுக்கு ஆகும் செலவை எழுதுங்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய், சாம்பாருக்கான பருப்பும் காய்கறியும், எரிவாயு, பார்சல் பொருள் என்று தட்டுக்குத் தட்டு கூடும் செலவுகளை மட்டும் தனியாக வையுங்கள். வாடகையும் சம்பளமும் நீங்கள் 10 தட்டு விற்றாலும் 200 தட்டு விற்றாலும் மாறாதவை என்பதால், அவற்றை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டையும் கலப்பதால்தான் பலருக்குத் தங்கள் இலாபம் எங்கே கரைகிறது என்று தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தட்டு இட்லியின் விலை 40 ரூபாய், அதற்கான நேரடிச் செலவு 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தட்டுக்கு 16 ரூபாய் மிஞ்சுகிறது. நாளுக்கு 100 தட்டு விற்றால் 1,600 ரூபாய். இப்போது செலவு 27 ரூபாயாக உயர்கிறது. விலையைத் தொடாமல் அதே 1,600 ரூபாயை ஈட்ட வேண்டுமானால் நீங்கள் 124 தட்டு விற்றாக வேண்டும். விலையை 45 ரூபாய் ஆக்கினால் தட்டுக்கு 18 ரூபாய் மிஞ்சும். 89 தட்டு விற்றாலே போதும். அதாவது, விலை உயர்வால் 100 பேரில் 11 பேர் வராமல் போனாலும் உங்கள் வருமானம் குறையாது. விலையை உயர்த்தாமல் இருப்பது பாதுகாப்பான வழி என்று மனம் சொல்கிறது. ஆனால் அந்த வழியில் நிற்பதற்கு நாளுக்கு 24 தட்டு கூடுதலாக விற்க வேண்டும் என்பதைக் கணக்கு காட்டுகிறது. இந்த எண்களை உங்கள் கடையின் உண்மையான எண்களால் நிரப்பிப் பார்க்காமல் யாரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள், ஏனெனில் ஆலோசனை சொல்பவர் தம் அச்சத்தையே உங்களுக்குச் சொல்வார்.

அடுத்தது, எப்போது உயர்த்துவது என்பது. 1986-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் பொதுமக்களிடம் தொலைபேசியில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள் இங்கே பயன்படும். பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை, 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியை ஒரு கடைக்காரர் 20 டாலருக்கு உயர்த்துகிறார் என்று சொன்னபோது, 82 விழுக்காட்டினர் அது நியாயமில்லை என்றனர். மொத்த விற்பனை விலை 30 சென்ட் ஏறியதால், கீரை விற்பவர் தாமும் அதே 30 சென்ட்டை ஏற்றுகிறார் என்று சொன்னபோதோ, 79 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டனர். வாங்குபவரின் தேவையைப் பயன்படுத்திக்கொள்ளும் உயர்வையும், விற்பவரின் செலவை ஈடுகட்டும் உயர்வையும் மக்கள் வெவ்வேறாகவே எடைபோடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் சிலர் பால் பாக்கெட்டை மிக அதிக விலைக்கு விற்றதை அங்குள்ளவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே, எதிர்க் கடை மூடியிருக்கும் வாரத்திலோ, திருவிழாக் கூட்டத்திலோ, மழை வெள்ள நாளிலோ விலையைத் தொடாதீர்கள். உங்கள் செலவு உண்மையிலேயே ஏறியிருந்தாலும், காலம் தவறினால் காரணம் நம்பப்படாது. 19 கிலோ வணிக எரிவாயு சிலிண்டரின் விலை மாதந்தோறும் முதல் நாளில் அறிவிக்கப்படுவது செய்திகளில் வருகிறது. அது ஏறிய மாதத்தின் முதல் வாரம் உயர்வை அறிவிக்கப் பொருத்தமானது, ஏனெனில் நீங்கள் சொல்லவிருக்கும் காரணம் வாடிக்கையாளருக்கு அப்போது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் 5 ரூபாய்ப் படிகளைத் தவிர வழியில்லை. இந்தச் சில்லறைச் சிக்கல் பெரிய நிறுவனங்களையும் கட்டிப்போட்டிருக்கிறது: கோக்க கோலா 1886 முதல் 1959 வரை 5 சென்ட்டுக்கே கிடைத்ததற்கு, அதன் விற்பனை இயந்திரங்கள் அந்த ஒற்றை நாணயத்தை மட்டும் ஏற்றதும் ஒரு காரணம், 7.5 சென்ட் நாணயம் ஒன்றை வெளியிடும்படி அந்நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க அதிபரையே கேட்டுப் பார்த்தார். கைப்பேசியில் பணம் செலுத்தும் இக்காலத்தில் 43 ரூபாய் என்றும் வைக்கலாம் என்றாலும், கல்லாவில் காலை நெரிசலை நினைத்து, 5 ரூபாய்ப் படியையே நான் பரிந்துரைப்பேன்.

விலையை அப்படியே விட்டு அளவைக் குறைக்கும் வழியை மட்டும் எடுக்காதீர்கள். நான் கணக்கெழுதிய கடையில் அதைத்தான் செய்தோம். நானும் அதற்கு உடன்பட்டேன். வடையின் எடையைச் சிறிது குறைத்தோம், சட்னிக் கரண்டியை மாற்றினோம். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள்தோறும் 4 வடை பார்சல் வாங்கிச் சென்ற ஒரு பெரியவர் மட்டும் மூன்றாவது வாரத்திலிருந்து வரவில்லை. பின்னர் கடைத்தெருவில் பார்த்தபோது, “விலையை ஏத்தியிருந்தா குடுத்திருப்பேனே தம்பி, ஏன் மறைச்சீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று நினைத்தாலும் வருத்தமாகவே இருக்கிறது. உறையில் அடைத்து விற்கும் பிஸ்கட்டின் மேல் எடை அச்சிடப்பட்டிருக்கிறது, வடையின் மேல் இல்லை. ஆனால் 10 ஆண்டுகள் அதை வாங்கிய கைக்கு அதன் எடை தெரியும்.

அறிவிப்பை உயர்வுக்கு 7 நாள் முன்பே, கல்லாவுக்கு அருகில் கண்ணில் படும் உயரத்தில் வையுங்கள். “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று எழுதாதீர்கள். காரணத்தை மறைக்கும் சொற்றொடர் அது. “உளுந்தும் எரிவாயுவும் விலை ஏறியதால், வரும் திங்கள் முதல் இட்லி ஒரு தட்டு 45 ரூபாய். அளவிலும் சுவையிலும் மாற்றம் இல்லை” என்று எழுதினால் போதும். மன்னிப்புக் கேட்கும் வரிகளும் வேண்டாம், தவறு செய்தவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடையில் பரிமாறும் தம்பிகளிடமும் காரணத்தை முன்கூட்டியே விளக்குங்கள், ஏனெனில் கேள்வி முதலில் அவர்களிடம்தான் வரும். “முதலாளியைக் கேளுங்க” என்று அவர்கள் சொன்னால் பலகையில் எழுதியது வீணாகும்.

மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கும் அந்த மாத இறுதிவரை பழைய விலையையே தொடருங்கள். 2022 நவம்பரில் ஆவின் நிறுவனம் ஆரஞ்சு நிறப் பாக்கெட் பாலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தியபோது, மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கு 46 ரூபாய் விலை தொடரும் என்று அறிவித்தது. பழகியவருக்குத் தனி இடம் உண்டு என்று காட்டுவதற்கு ஆகும் செலவு சிறிய கடையில் மிகக் குறைவு.

உயர்த்திய பிறகு 4 வாரம் நாள்தோறும் தட்டுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். திங்களைத் திங்களோடும் ஞாயிறை ஞாயிறோடும் ஒப்பிடுங்கள். முதல் 3 நாட்களில் உரக்கக் குறைசொல்பவர்களைக் கண்டு விலையைத் திரும்ப இறக்கிவிடாதீர்கள். குறைசொல்பவர் பெரும்பாலும் மறுநாளும் வருவார், அந்தப் பெரியவரைப் போலப் பேசாமல் நின்றுவிடுபவரே எண்ணிக்கையில் மட்டும் தெரிவார். மேலே போட்ட கணக்கில் வந்த 89 தட்டைப் போல உங்கள் எல்லை எது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் முன்பே எழுதி வைத்திருந்தால், நான்காவது வார இறுதியில் விவாதிக்க எதுவும் இருக்காது. எண்ணிக்கை எல்லைக்குக் கீழே நின்றால், விலையை இறக்குவதற்கு முன் வேறு ஏதேனும் மாறியதா என்று பாருங்கள்: பள்ளி விடுமுறையா, பேருந்து நிறுத்தம் இடம் மாறியதா, மாஸ்டர் விடுப்பில் இருந்தாரா.

பின்னொரு நாள் உளுந்து விலை இறங்கினால், காரணம் சொல்லி உயர்த்திய நீங்கள் அதே பலகையில் அதையும் எழுத வேண்டியிருக்கும். விலையை இறக்க முடியாவிட்டால், மாஸ்டரிடம் சொல்லி வடையைக் கொஞ்சம் பெரிதாகத் தட்டச் சொல்லுங்கள்.