ரேரா, ஸ்கேர்ஸா? சட்டென்று கண்டுபிடிக்க ஒரு வழி

ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரேர்' (rare) போடுவதா, 'ஸ்கேர்ஸ்' (scarce) போடுவதா என்று தயக்கம் வந்தால், அந்த இடத்தில் தமிழில் 'போதவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ஸ்கேர்ஸ். 'அபூர்வம்' பொருந்தினால் ரேர்.

ஸ்கேர்ஸ் என்பது தேவையோடு ஒப்பிட்டுப் பேசும் சொல். தண்ணீர், வேலை, மருந்து என்று வேண்டியது தட்டுப்பாடானால் அதுதான் வரும். ரேர் அப்படியல்ல, எத்தனை தடவை கண்ணில் படுகிறது என்பதை மட்டும் பார்க்கும். அதனால்தான் 'ரேர் டிசீஸ்' சரி. 'ஸ்கேர்ஸ் டிசீஸ்' என்று எழுதினால் நோய் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதுபோல் ஆகிவிடும்.

பின்னால் 'லி' ஒட்டிவிட்டால் இந்தச் சோதனை செல்லாது. 'ரேர்லி' என்றால் எப்போதாவதுதான், அடிக்கடி இல்லை. 'ஸ்கேர்ஸ்லி' என்றால் அநேகமாக இல்லை. இரண்டிலும் எதிர்மறை உள்ளேயே இருக்கிறது. 'ஐ ரேர்லி ஈட் அவுட்' என்பதே போதும், நடுவில் 'டோன்ட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நிலைத்துவிட்ட பெயர்களுக்கும் இது ஒத்துவராது. 'ரேர் எர்த்' (அருமண்) தனிமங்களில் ஒன்றான சீரியம், பெயரில் 'ரேர்' இருந்தாலும், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கே கிடைக்கிறது.