நீலக் காரில் மங்கிப்போன சிவப்புக் கோடு

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கணினி விளையாட்டுக்காக ஒரு காருக்கு நீல வண்ணம் தீட்டி, பக்கவாட்டில் மெல்லிய சிவப்புக் கோடு இழுத்திருந்தேன். வரையும்போது கத்தி மாதிரி கூர்மை. விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக, அழுக்குப் படிந்ததுபோல இருந்தது. 2048 பிக்சல் படத்தை 4096-க்கு இழுத்துப் பார்த்தேன், மங்கல்தான் கூடியது.

காரணம், விளையாட்டுகள் பயன்படுத்தும் டிடிஎஸ் என்ற படக் கோப்பாக நான் சேமித்த விதம். நான் தேர்ந்த டிஎக்ஸ்டி1 என்ற சுருக்கும் முறை, படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறங்கள், அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு கலவைகள், அவ்வளவுதான். நீலம், சிவப்பு, பக்கத்து எழுத்தின் வெள்ளை மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால் ஏதோ ஒன்று கெட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி என்று கோட்டை 4096 அளவிலேயே வெக்டராக, அதாவது பெரிதாக்கினாலும் மங்காத கோடாகப் புதிதாக வரைந்து, பெயிண்ட்.நெட் என்ற படத் திருத்த மென்பொருளில், நிறங்களை இன்னும் துல்லியமாகக் காக்கும் பிசி7 முறையில் சேமித்தேன். அந்த அளவுக்கு டிஎக்ஸ்டி1 என்றால் சுமார் 8 எம்பி, இது 16. அந்தக் கோட்டுக்காகத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்புறம் மிப்மேப், அதாவது தூரத்தில் காட்ட அதே படத்தின் சிறிய பிரதிகளை உருவாக்கும் தேர்வையும் டிக் செய்தேன். அது இல்லாவிட்டால் கார் தூரம் போகப் போகக் கோடு மினுமினுக்கும்.

இப்போது ரீப்ளேயில் கேமராவைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் கோடு நேராக, சுத்தமாக நிற்கிறது.