தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இரத்தப் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்குச் செல்லும் வழி

நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்கள், உயிரியலோடு தங்கள் தொடர்பே முடிந்துவிட்டது என்று எண்ணி வேறு துறைக்குப் போய்விடுவதை நம் இரு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இரத்தப் புற்றுநோயின் மரபணுக்களை ஆராய விரும்புவோருக்கு அந்த முடிவு தேவையில்லை. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் உயிரணுக்களில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களுள் ஒன்று வழக்கத்தைவிடச் சிறிதாக இருப்பதைக் கண்ட இருவரில் பீட்டர் நோவல் மருத்துவர். டேவிட் ஹங்கர்போர்டு முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தால் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற இணைவு மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 2001-இல். கண்டறிதலுக்கும் மாத்திரைக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இத்துறையின் வேகம் எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

துறைக்குள் நுழையும் முன் ஓர் அடிப்படையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மரபணு என்று சொன்னவுடனே, "அப்படியானால் இது பரம்பரை நோயா, பெண் கொடுக்கலாமா, எடுக்கலாமா?" என்ற கேள்வி நம் ஊர்களில் எழும். இரத்தப் புற்றுநோய்களைத் தோற்றுவிக்கும் சடுதி மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை, பிறந்த பின்னர் எலும்பு மஜ்ஜையின் ஏதோ ஓர் அணுவில் ஏற்பட்டு, அந்த அணுவின் வழித்தோன்றல்களில் மட்டும் பெருகுபவை. அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை. ரன்எக்ஸ்1, ஜிஏடிஏ2, டிடிஎக்ஸ்41 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் கொண்டு, தலைமுறைதோறும் நோய் வரும் சில குடும்பங்களும் உள்ளன. ஆனால் அவை சிறுபான்மையே. இந்த வேறுபாட்டை நோயாளியின் வீட்டாருக்கு எளிய தமிழில் விளக்கத் தெரிவது ஆராய்ச்சியாளரின் வேலையில் ஒரு பகுதி.

மருத்துவராகி இத்துறைக்கு வரும் வழி பலருக்கும் தெரிந்ததே. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள், பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. மூன்று ஆண்டுகள், இரத்தவியலில் டி.எம். மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட்டால், ஆராய்ச்சியில் முழுமையாகக் கால் பதிக்கவே முப்பது வயதாகிவிடும். நோயாளியை நேரில் பார்ப்பதால் எழும் கேள்விகளின் கூர்மை இவ்வழியில் வருபவர்களுக்கே வாய்க்கும். நோயாளிகளின் கூட்டத்துக்கு நடுவே ஆய்வுக்கு நேரம் ஒதுக்க முடியாமல் போவது அவர்களுடைய நிரந்தரக் குறை.

அறிவியல் வழியைப் பற்றித்தான் நம் பகுதியில் சொல்பவர்கள் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியலுடன் கணிதமும் படித்திருந்தால் பின்னால் வருத்தப்பட நேராது. இன்றைய மரபணு ஆராய்ச்சியில் பாதி புள்ளியியல்தான். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அவற்றின் தனித் தகுதித் தேர்வை எழுதலாம். அது கைகூடாவிட்டால், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் ஓர் அடிப்படை அறிவியல் பாடத்தில் இளநிலை சேர்வதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பெயரில் மட்டும் உயிர்த்தொழில்நுட்பம் இருந்து ஆய்வகம் பூட்டியே கிடக்கும் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவதைவிட, விலங்கியலையோ வேதியியலையோ குறைந்த செலவில் ஆழமாகப் படிப்பது மேல் என்பது என் கருத்து.

இளநிலையில் சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டுகளில் இரண்டு வேலைகள் முக்கியம். முதலாவது, இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்து, விடுமுறையில் ஓர் உண்மையான ஆய்வகத்தில் இரண்டு மாதங்கள் வேலை பார்ப்பது. இரண்டாவது, முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம், காட்-பி முதலிய தேர்வுகளுக்குத் தயாராவது. ஜாம் வழியாக ஐஐடிகளுக்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் போகலாம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. அங்கே நடக்கும் பொது அறிவியல் உரைகளுக்கும் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களுக்கும் போய்வரும் வசதி தென் மாவட்டத்து மாணவருக்கு இல்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. வாரம் ஒரு கட்டுரையின் சுருக்கத்தையும் படங்களையும் மட்டும் படித்து, அதன் பொருளைத் தமிழில் அரைப்பக்கம் எழுதிவந்தால் ஓராண்டில் கண் பழகிவிடும்.

கணினித் திறனை முதுநிலைவரை தள்ளிப்போட வேண்டாம். லினக்ஸ் கட்டளைகள், ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, அடிப்படைப் புள்ளியியல் ஆகியவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கலாம். தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகள் 200 பேரின் மரபணுத் தரவுகளைப் புற்றுநோய் ஜீனோம் அட்லஸ் திட்டம் 2013-இல் வெளியிட்டது. சிபயோபோர்ட்டல் என்ற இணையதளத்தில் அவற்றை எவரும் பார்க்கலாம். என்பிஎம்1, எஃப்எல்டி3 ஆகிய இரு மரபணுக்களில் எத்தனை பேருக்கு மாற்றம் இருக்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே கால் பங்கைச் சற்றுத் தாண்டி வர வேண்டும். வராவிட்டால் பிழை எங்கே என்று தேடுங்கள், அந்தத் தேடலே பாடம்.

ஆய்வகக் கையாளுதலில் புத்தகம் சொல்லித்தராத நுணுக்கங்கள் பல உள்ளன. டிஎன்ஏ எடுப்பதற்கான இரத்தத்தை ஊதா மூடியிட்ட ஈடிடிஏ குழாயில் எடுக்கிறார்கள். குரோமோசோம்களைப் பார்க்க வேண்டுமானால் அணுக்கள் உயிரோடு வந்து சேர வேண்டும் என்பதால் பச்சை மூடியிட்ட ஹெப்பாரின் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் குளிரூட்டிப் பனிக்கட்டிபோல் உறைய வைத்தால் மாதிரி வீண். இதைவிடச் சிக்கலானது ஒப்பீட்டு மாதிரி. நோயாளியிடம் காணப்படும் ஒரு மாற்றம் புற்றுநோய் அணுவில் மட்டும் உள்ளதா, பிறவியிலிருந்தே உடல் முழுதும் உள்ளதா என்று அறிய, நோய் தொடாத திசு ஒன்று வேண்டும். மற்றப் புற்றுநோய்களில் இரத்தமே அதற்குப் போதும். இங்கோ இரத்தமே நோயுற்றிருக்கிறது. எச்சிலிலும் வெள்ளணுக்கள் கலந்திருப்பதால் அதுவும் முழுமையாக நம்பத்தக்கதன்று. ஆகவே தோலின் சிறு துண்டிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசு அணுக்களை வளர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஒப்பீட்டு மாதிரி கிடைக்காதபோது, அந்த மாற்றம் பொதுமக்களிடையே எவ்வளவு பரவலானது என்பதைத் தரவுத்தளங்களில் பார்ப்பது வழக்கம். அத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்து, சொந்தச் சமூகத்துக்குள்ளேயே உறவு கொண்டாடிவந்த நம் ஊர்களில், உலகில் அரிதான ஒரு மரபணு வடிவம் ஒரு சமூகத்தில் சாதாரணமாக இருக்கக்கூடும். அதைப் புற்றுநோயின் அடையாளம் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் சிகிச்சையே தடம் மாறும். 10,000 இந்தியர்களின் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுதியை, திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025-இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டதால் இந்நிலை சற்று மேம்பட்டுள்ளது. அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ பிறந்து, அங்குள்ள உறவுமுறைகளை அறிந்த ஆய்வாளருக்கு இந்தக் கேள்வியில் வெளியூராருக்கு இல்லாத பிடிமானம் உண்டு. முனைவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

முனைவர் படிப்புக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவது நேரடி வழி. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000 என்று தொகை உயர்த்தப்பட்டுள்ளது. வீட்டுவாடகைப் படி தனி. ஆகவே "இருபத்தைந்து வயதிலும் படிப்பா?" என்று கேட்கும் உறவினரிடம் இது சம்பளத்தோடு கூடிய படிப்பு என்று சொல்லலாம். இடம் தேர்ந்தெடுக்கும்போது, இரத்தவியல் பிரிவும் மூலக்கூறு ஆய்வகமும் அருகருகே இருக்கும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக் ஆகியவை இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. வழிகாட்டியாக வரப்போகிறவரிடம், முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். முடிந்தால் அந்த மாணவர்களிடமே தனியாகக் கேளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் வேறோர் ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டுச் சொந்த ஆய்வுக்குழு அமைக்க விண்ணப்பிப்பது வழக்கம். டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸ் போன்ற நிதி அமைப்புகள் இந்நிலையில் நிதி தருகின்றன. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மருத்துவமனைகளின் மூலக்கூறு நோயறிதல் கூடங்களிலும் பெங்களூருவின் மரபணு வரிசையாக்க நிறுவனங்களிலும், வரிசைத் தரவைப் படித்து மருத்துவருக்கு அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. அங்கே முதுநிலைப் பட்டத்தோடு சேர்ந்து, பின்னர் முனைவர் படிப்புக்குத் திரும்பவும் முடியும்.