எழுத்துத் தெரிந்தும் வாசிக்கத் திணறும் மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது?

எழுத்துகளை வரிசையாகப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர், முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கையில் கொடுத்தவுடன் ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று திணறுவதுண்டு. இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு 247 எழுத்துகளையும் மறுபடி எழுதவைப்பதால் கையெழுத்து வேண்டுமானால் திருந்தலாம், வாசிப்பு வராது. எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகக் கேட்பதும், அது தாம் அன்றாடம் பேசும் சொல்தான் என்று கண்டுகொள்வதும்தான் அவருக்கு இன்னும் கைவரவில்லை. நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்கக்கூடிய ஆசிரியரோ பெற்றோரோ கீழ்க்காணும் படிகளை வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

படி 1: தடுமாறும் இடத்தைக் கண்டறிதல்

ஏறத்தாழ 60 சொற்கள் கொண்ட புதிய பத்தி ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்தாமல், உங்களிடமுள்ள நகலில் தவறுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துச் சொற்களில் ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் பத்தி அவருக்குக் கடினம். அதைவிட எளியதற்கு இறங்க வேண்டும். எண்ணிக்கையைக் காட்டிலும் தவறின் வகைதான் உங்களுக்கு வழிகாட்டும். 'கொடு' என்பதைக் 'கோடு' என்றால் குறில், நெடில் குழப்பம். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றால் புள்ளி வைத்த எழுத்தைக் கண் தாண்டிச் செல்கிறது. 'மரம்' என்றிருக்க 'மணி' என்றால், முதலெழுத்தை மட்டும் பார்த்து மற்றதை ஊகிக்கிறார்.

படி 2: சில எழுத்துகள், பல சொற்கள்

ட, ப, ம ஆகிய மூன்றும் அவற்றின் புள்ளி எழுத்துகளும் இருந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றை வாசித்துவிடலாம். க, த, வ சேர்ந்தால் பக்கம், தடம், வட்டம், கட்டம் என்று பட்டியல் விரியும். ஒவ்வொரு சொல்லையும் முதலில் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். பின்னர் விரலைச் சொல்லின் அடியில் நிறுத்தாமல் நகர்த்தி ஒரே மூச்சில் சொல்லட்டும். இந்த இரண்டாவது வாசிப்பைத் தவிர்த்தால் முதலாவதால் பயனில்லை.

கொம்பு வரும் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது ககர ஒலி. ஆகவே, கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தையும் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று பழக்குங்கள். கெடு, கேடு, தொடு, தோடு போன்ற இணைகள் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்தறிய உதவும். ஔகார வரிசை அரிதாகவே தேவைப்படுவதால் அதைக் கடைசிக்கு ஒத்திவைக்கலாம்.

படி 3: பேச்சையும் எழுத்தையும் அருகருகே வைத்தல்

பலரும் தவிர்த்துவிடும் படி இது. என் கணிப்பில் மிக அதிகப் பலன் தருவதும் இதுவே. நேற்று நடந்ததை இரண்டு வாக்கியங்களில் சொல்லச் சொல்லி, சொன்னபடியே இடப்பக்கம் எழுதுங்கள்: 'எங்க அக்கா நேத்து வந்துட்டாங்க. நான் தூங்கிட்டு இருந்தேன்.' தம் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் மாணவர் இதை ஓரளவு எளிதாக வாசித்துவிடுவார். பிறகு வலப்பக்கத்தில், 'என் அக்கா நேற்று வந்துவிட்டார். நான் தூங்கிக்கொண்டு இருந்தேன்' என்று எழுதி, எவை மாறியுள்ளன என்று அவரையே கண்டுபிடிக்கவிடுங்கள்.

பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கும் 'ட்டு', ஓரிடத்தில் 'விட்டு' என்றும் மற்றோரிடத்தில் 'கொண்டு' என்றும் விரிவதை அவரே கவனித்துவிட்டால், புத்தகத்தில் நீண்டு கிடக்கும் வினைச்சொற்கள் அவரை மிரட்டுவது குறையும். வீட்ல, வீட்டில்; இருக்கு, இருக்கிறது; இல்லாம, இல்லாமல் என இத்தகைய இணைகளை ஒரு தனி ஏட்டில் சேர்த்துவரச் சொல்லுங்கள். பேச்சு வழக்கை எழுதிக் காட்டினால் மொழி கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் மாணவர்தான் அவற்றைக் கலக்காமல் எழுதப் பழகுகிறார். அவர் பேச்சைக் கொச்சை என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அதன்பின் அவர் வாயே திறக்கமாட்டார்.

படி 4: ஒரே பத்தியைப் பலமுறை வாசித்தல்

முதல் நாள் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், மறுநாள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள், மூன்றாம் நாள் அவர் தனியே வாசிக்கட்டும். நிறுத்த வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்: 'இரவு முழுதும் மழை பெய்ததால் / ஆற்றங்கரையில் இருந்த மரம் / சாய்ந்துவிட்டது.' புத்தகத்தை மூடியபின், வாசித்ததைத் தம் சொற்களில் சொல்லவையுங்கள். பத்தியில் நேராக விடையில்லாத கேள்வி ஒன்றையும் கேளுங்கள்: ஆற்றில் நீர் கூடியிருக்குமா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?

படி 5: வாசித்ததிலிருந்து எழுதுதல்

அதே பத்தியிலிருந்து மூன்று வாக்கியங்களைச் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். ந, ன, ண மூன்றுக்கும் இடம் பார்த்தே பெரும்பாலும் விடை கண்டுவிடலாம்: சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, றகரத்துக்கு முன் ன, டகரத்துக்கு முன் ண. பந்து, கன்று, வண்டு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தால் போதும். ல, ள, ழ மூன்றுக்கும் இத்தகைய சுருக்கவழி இல்லை. 'நாயின் வால்', 'அரசனின் வாள்', 'நூறாண்டு வாழ்' எனத் தொடராகவே பழக்க வேண்டும்.

சொந்த எழுத்துக்கு 'மரம் சாய்ந்தது' போன்ற இருசொல் வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, எந்த மரம், எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அதை நீட்டவையுங்கள். திருத்தும்போது ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். மற்றவை அடுத்த தாளுக்குக் காத்திருக்கட்டும்.

நான்கு வாரங்களுக்குப் பிறகு, அதே அளவிலான வேறொரு பத்தியைக் கொடுத்து முதல் படியைத் திரும்பச் செய்து, இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். பிழைகளின் எண்ணிக்கை குறையாமல் வகை மட்டும் மாறியிருந்தாலும் அது முன்னேற்றமே. புதிதாகத் தென்படும் வகைக்கு ஏற்ற படியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.