ஆறு எண்களில் ஒரு நிலநடுக்கம்: மொமென்ட் டென்சரைப் படிப்பது எப்படி?

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னையிலும் ஆட்டம் தெரிந்தது. பலர் கட்டடங்களை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 யாருக்கும் மறந்திருக்கவில்லை. ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று வந்தபோதும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை 8.6 என்ற எண் சொல்லாது. அது எவ்வளவு பெரியது என்று மட்டும்தான் சொல்லும். பாறை எந்தப் பக்கம், எப்படி நகர்ந்தது என்று அறிய மொமென்ட் டென்சர் வேண்டும். பெயர் மிரட்டலாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வெறும் ஆறு எண்கள். 2004 நிலநடுக்கத்தின் உண்மையான ஆறு எண்களையே எடுத்துப் படிப்போம். ஒரு கால்குலேட்டரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் போதும்.

படி 1: ஸ்பாஞ்சைச் சாய்த்துப் பாருங்கள்

ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு சதுரம் வரையுங்கள். மேசைமேல் வைத்து, மேற்புறத்தை மட்டும் உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். சதுரம் சாய்கிறது, ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றது குறுகுகிறது. பிளவின் இரு பக்கமும் எதிரெதிராக நழுவும்போது சுற்றியுள்ள பாறைக்கு நடப்பதும் இதுதான்.

மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் தள்ளினால் அது ஒரு விசைச் சோடி. அது மட்டும் இருந்தால் பாறை மொத்தமாகச் சுழல வேண்டும். பூமிக்குள் அப்படிச் சுழல்வதில்லை என்பதால், அதைச் சமன்செய்யச் செங்குத்தாக இன்னொரு சோடியும் இருந்தாக வேண்டும். முழுப் பாடத்துக்கும் அடிப்படை இந்த இரட்டைச் சோடிதான்.

படி 2: எண்களை வரிசைப்படுத்துங்கள்

மேல், தெற்கு, கிழக்கு என மூன்று திசைகள். விசைக்கு ஒரு திசை, சோடியின் இரு விசைகளும் விலகி நிற்பதற்கு ஒரு திசை. ஆக மூன்று பெருக்கல் மூன்று, ஒன்பது எண்கள். சுழற்சி கூடாது என்பதால் மேல்-தெற்கும் தெற்கு-மேலும் சமம். அப்படி மூன்று எண்கள் குறைந்து, மீதி ஆறு.

அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த, இன்று குளோபல் சிஎம்டி எனப்படும் பட்டியலில் 2004 நிலநடுக்கத்துக்கு உள்ளவை இவை. அலகு 10²² நியூட்டன் மீட்டர்:

மேல்-மேல் 1.04
தெற்கு-தெற்கு −0.43
கிழக்கு-கிழக்கு −0.61
மேல்-தெற்கு 2.98
மேல்-கிழக்கு −2.40
தெற்கு-கிழக்கு 0.43

படி 3: முதல் மூன்றைக் கூட்டுங்கள்

1.04 − 0.43 − 0.61 = 0. அதாவது பாறையின் கன அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. (இந்தப் பட்டியலின் கணக்கீட்டு முறையே கூட்டுத்தொகை சுழி என்று வைத்துக்கொள்கிறது.) வெடிப்பு என்றால் மூன்றுமே நேர்ம எண்களாக இருக்கும், எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது அல்லவா? அணுகுண்டுச் சோதனையை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய இந்த வேறுபாடு உதவுகிறது.

படி 4: அளவைக் கணக்கிடுங்கள்

முதல் மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1.64. அடுத்த மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி இரட்டித்தால் 29.65. மொத்தம் 31.29, பாதி 15.64, வர்க்கமூலம் ஏறக்குறைய 3.95. ஆக, திருப்புத்திறன் (தலைப்பிலுள்ள 'மொமென்ட்' இதுதான்) 3.95 × 10²² நியூட்டன் மீட்டர்.

இந்த எண் வானத்திலிருந்து வந்ததல்ல. பாறையின் விறைப்பு, பிளவின் பரப்பு, நழுவிய தூரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது. 1964 நீகாட்டா நிலநடுக்கத்தை ஆராய்ந்து 1966இல் இதைக் கொண்டுவந்தவர் ஜப்பானிய அறிஞர் கெய்ட்டி ஆக்கி. சரி, இதன் பத்தடிமான மடக்கை 22.6. அதில் 9.1 கழித்து, மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள்: 9.0. செய்தித்தாள்கள் இன்னும் 'ரிக்டர்' என்று எழுதினாலும், பெரிய நிலநடுக்கங்களுக்கு இன்று சொல்லப்படும் அளவு இப்படி வருவதுதான்.

படி 5: திசையைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மேல்-மேல் நேர்மம், மற்ற இரண்டும் எதிர்மம்: பக்கவாட்டில் நெருக்கி, மேல்நோக்கி நீட்டியிருக்கிறது. ஆனால் பெரிய எண்கள் மேல்-தெற்கும் மேல்-கிழக்கும்தான். முதலாவது, மேற்பாறை தெற்கே போனதைச் சொல்கிறது. இரண்டாவது எதிர்மம் என்பதால் கிழக்குக்குப் பதில் மேற்கு. இரண்டையும் சேர்த்தால், மேலே இருந்த தட்டு தென்மேற்காகக் கடலை நோக்கிப் பாய்ந்திருக்கிறது. கீழே இந்தியத் தட்டு. வெறும் 8 டிகிரி சரிவில் ஏறி வந்த பாறை கடற்தளத்தைத் தூக்க, மேலிருந்த நீரும் எழும்பியது.

2012இல் நடந்தது பக்கவாட்டு நழுவல். அப்படிப்பட்டதில் மேல்-மேல் எண் சுழிக்கு அருகே இருக்கும். கடற்தளம் பெரிதாக எழவில்லை. அதனால் நீரும் எழவில்லை.

இதே செய்தியைப் படமாகச் சொல்வதுதான் நிலநடுக்க வரைபடங்களில் தெரியும் கறுப்பு வெள்ளைப் 'பீச் பால்'. பக்கவாட்டு நழுவலுக்குப் பந்து நான்கு துண்டாகி, எதிரெதிர்த் துண்டுகள் கறுப்பாகும்.

படி 6: இரண்டு தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இது. இரட்டைச் சோடி என்பதால் ஆறு எண்களுக்கு எப்போதும் இரண்டு பிளவுத் தளங்கள் பொருந்தும். 2004க்கு ஒன்று 8 டிகிரி சரிவு, மற்றது கிட்டத்தட்டச் செங்குத்தான 83 டிகிரி. எது உண்மை என்று டென்சர் சொல்லாது. பின்னதிர்வுகள் பரவிய விதத்தையும், அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்வதையும் பார்த்துத்தான் 8 டிகிரி என்று முடிவு செய்ய முடியும்.

படி 7: ஒரு புள்ளி போதுமா என்று கேளுங்கள்

இவ்வளவு நேரம் மொத்த நிலநடுக்கத்தையும் ஒரே புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டோம். 2004 பிளவோ 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கிழிந்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆயின. வழக்கமான கணக்கீடு எடுத்துக்கொண்ட சுமார் 300 விநாடி அலைகளுக்குள் அது முழுதாக அடங்கவில்லை. 2005இல் ஒரு புள்ளிக்குப் பதிலாகப் பிளவு நெடுக ஐந்து புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டென்சர் கண்டுபிடித்துக் கூட்டிப் பார்த்தார்கள். வந்த விடை 9.3. திருப்புத்திறனில் பார்த்தால், படி 4இல் நாம் கண்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.