குளத்து விராலும் வயல் நண்டும்: கரையிலிருந்து சட்டி வரை

தீவனமும் ஊசியும் இல்லாமல் தானாகத் திரிந்து வளர்ந்த கறிதான் வேண்டும் என்பவர்கள், திருநெல்வேலிச் சீமையில் மலையைப் பார்த்துப் போக வேண்டாம். காட்டு முயல், கவுதாரி, மிளா, காட்டுப்பன்றி, உடும்பு என எதுவானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். அந்தக் கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். களக்காடு, முண்டந்துறை அடிவாரத்தில் யாராவது 'காட்டுக்கறி' என்று பொட்டலம் நீட்டினால் தொடாதீர்கள். யாரும் வளர்க்காமல் வளர்ந்து, முறையாக நம் அடுப்புக்கு வருவது தண்ணீரில் இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்கள் நிரப்பும் குளங்களில் விரால், குறவை, கெளுத்தி, அயிரை. வயல் வரப்பில் நண்டு.

இவற்றுக்கு இறுகிய சதையும் சேற்று மணமும் கூடவே வரும். மசாலாவைக் கூட்டி அந்த மணத்தை அமுக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நாட்டு மீன் குழம்பு கெடுவது பெரும்பாலும் அடுப்பில் இல்லை, ஆய்கிற இடத்தில்தான். அதனால் இங்கே ஆய்வதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எப்போது, எங்கே வாங்குவது

பிசான நெல் பருவத்தின் அறுவடை முடிந்து குளம் வற்றத் தொடங்கும் மாசி முதல் சித்திரை வரை நாட்டு விரால் நிறையக் கிடைக்கும். நினைத்தவரெல்லாம் குளத்தில் வலை போட முடியாது. மீன்பாசி (குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவரிடம் கரையிலேயே நிறுத்து வாங்குங்கள். வற்றி அழிகிற குளத்தில் ஊத்தா (மீனை அமுக்கிப் பிடிக்கும் கூடை) போட ஊரே இறங்குகிற நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆமை சிக்கினால் அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதுவும் நீர்ப்பறவைகளும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்து மக்கள் பறவைகளைத் தங்கள் பிள்ளைகளைப் போல் காப்பது இந்தச் சீமை முழுக்கத் தெரிந்த சங்கதி.

மழைக்காலத்தில் குளம் பெருகியிருக்கும்போது, நீர்மட்டத்தில் செந்நிறக் கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி நகர்ந்தால் அது விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுக் கூட்டம். அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அவற்றைத் தூண்டிலில் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் பார்ப்பைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருஷத்து விரால் அதோடு போயிற்று. அந்த மாதங்களில் விராலை விட்டுவிட்டு வேறு மீன் வாங்குங்கள்.

ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் குளத்து மீன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விரால் சிறு மீன்களைத் தின்னும் மீன். சிறியவற்றின் உடம்பில் சேர்ந்த உலோக நஞ்சு பெரியதில் இன்னும் திரளும், கொதிக்கவைத்தாலும் போகாது.

சந்தையில் பண்ணை விராலும் வருகிறது. ஒரே அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவில், வயிறு பருத்திருந்தால் பெரும்பாலும் பண்ணை மீன். குளத்து மீன் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். கறுப்போ வெளுப்போ, வாழ்ந்த தண்ணீரின் நிறம் தோலில் தெரியும். முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரையுள்ள மீன் குழம்புக்குச் சரியான அளவு.

சேற்று மணத்தை எடுப்பது

கோடையில் தண்ணீர் குறைந்து பாசி பெருகும்போது, நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்னும் பொருளை வெளியிடும். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணமும் இதுதான். மீன் அதைச் செவுள் வழியாக இழுத்துத் தோலிலும் கொழுப்பிலும் சேர்த்துக்கொள்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாததற்குக் காரணம் இது.

நல்ல வழி, மீனை உயிரோடு வாங்கி இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் பட்டினி போடுவது. டிரம்மில் பாதிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், முந்தின நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். விரால் எம்பிக் குதிக்கும், ஆகவே மூடி போட்டுக் கல் வைக்க வேண்டும். ஆனால் விளிம்பு வரை நிரப்பி மூடிவிடக் கூடாது. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். அந்த இடம் இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். செத்த மீனை வாங்கியிருந்தால் மிச்ச வேலையைப் புளிதான் செய்ய வேண்டும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணம் குறைந்த பொருளாக மாறிவிடும். குளத்து மீனுக்குப் புளிக்குழம்பு பொருந்துவது இதனால்தான்.

விரால் ஆய்வது

வழுக்குகிற மீனைச் சாம்பல் தொட்டுப் பிடியுங்கள். மரக்கட்டையால் கண்ணுக்குச் சற்றுப் பின்னே, உச்சந்தலையில் ஒரே அடி. தரையில் போட்டு நெடுநேரம் துடிக்கவிடுவது மீனுக்கும் கொடுமை, கறிக்கும் கேடு. துடித்துக் களைத்த சதை சீக்கிரம் விறைத்து, வெந்தபின் சக்கையாக இருக்கும்.

செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் மீனை அழுத்தி உரசுங்கள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று நுரை கழன்று வரும். அது நின்று, தோல் விரலில் வழுக்காமல் 'கிறீச்' என்று பிடிக்கிறவரை உரச வேண்டும். இரண்டு தடவை உப்பு மாற்ற வேண்டியிருக்கும்.

வயிற்றைக் கீறும்போது கத்தி முனையை ஆழமாக விடாதீர்கள். ஈரலோடு ஒட்டிப் பச்சையாக இருக்கும் பித்தப்பை உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். உடனே அந்தச் சதையை வெட்டி எறிந்துவிடுவது நல்லது. குடலை எடுத்த பின் மூன்று இடம் பாக்கி. வயிற்றின் உள்தோலில் கருமை இருந்தால் சுரண்டுங்கள். முதுகெலும்பை ஒட்டி உறைந்த இரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி எடுங்கள். தலையைப் பிளந்து செவுளை முழுக்கப் பிடுங்குங்கள். குழம்பில் கவிச்சி அடிக்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை விட்டிருப்பார்கள்.

இரண்டு விரற்கடை கனத்தில் துண்டு போடுங்கள். மஞ்சள், உப்பு புரட்டிப் பத்து நிமிஷம், பிறகு கழுவிய தண்ணீர் தெளிகிறவரை அலசினால் போதும்.

குழம்பு

ஒரு கிலோ மீனுக்கு: மல்லி 3 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 8 அல்லது 10, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, தேங்காய் அரை மூடி, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், புளி 40 கிராம், தக்காளி ஒன்று, வெந்தயம் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு.

மல்லி, வற்றல், மிளகு, சீரகத்தைச் சொட்டு எண்ணெயில் சிறுதீயில் வறுத்து, தேங்காயும் ஐந்தாறு வெங்காயமும் சேர்த்து மையாக அரையுங்கள். சந்தனம் போல அரைபட வேண்டும். திப்பியாக இருந்தால் குழம்பு தனி, தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம். அது பொன்னிறத்தைத் தாண்டிக் கருகினால் குழம்பு முழுதும் கசந்துவிடும், தயங்காமல் கொட்டிவிட்டு வேறு எண்ணெய் ஊற்றுங்கள். கறிவேப்பிலை, பூண்டு, மிச்ச வெங்காயம், தக்காளி வதங்கியதும் 600 மில்லி தண்ணீரில் கரைத்த புளி, மஞ்சள், உப்பு. பச்சை வாடை போகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நன்றாகக் கொதிக்கட்டும். பிறகு அரைப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். தேங்காய் சேர்த்த பின் தளதளவென்று கொதிக்கவிட்டால் எண்ணெய் கக்கித் திரிந்துபோகும்.

கொதிக்கிற குழம்பில்தான் மீனைப் போட வேண்டும். ஆறிய குழம்பில் போட்டுச் சூடேற்றினால் துண்டின் சாறு மெல்லக் கசிந்து வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மிதக்கும். முதலில் தலை, நான்கு நிமிஷம் கழித்துத் துண்டுகள். அகப்பை போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. சிறுதீயில் எட்டு முதல் பத்து நிமிஷம். முதுகெலும்பை ஒட்டிய சதை கண்ணாடி போல இல்லாமல் முழுக்க வெள்ளையாகி, முள்ளை விட்டு விலகினால் வெந்துவிட்டது. விரால் கொழுப்பில்லாத மீன். இன்னும் பத்து நிமிஷம் விட்டால் ரப்பராக இழுக்கும். அரைவேக்காட்டிலும் இறக்கக் கூடாது. குளத்து விரால் சதையில் மனிதருக்கு ஆகாத புழுக்கள் இருக்கலாம், முழு வேக்காட்டில்தான் சாகும். காலையில் வைத்த குழம்பை மத்தியானம் புழுங்கலரிசிச் சோற்றோடு சாப்பிடுங்கள். புளி சதைக்குள் இறங்க அந்த மூன்று நான்கு மணி நேரம் வேண்டும்.

கெளுத்தியும் அயிரையும்

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். கையில் எடுக்குமுன் குறட்டால் முறித்துவிடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரம் வைத்திருந்தால் கடுப்பு தணியும். வீங்கினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தேளி மீனின் குத்து இதைவிடக் கடுமை. கெளுத்திக்குச் செதில் கிடையாது, உப்பு உரசல் மட்டும் போதும். சதை மென்மையானது, ஆறேழு நிமிஷத்தில் வெந்துவிடும்.

அயிரையை வயிறு கீறாமல் முழுசாகச் சமைப்பதால் உயிரோடு மட்டுமே வாங்குங்கள். மோரோ தேங்காய்ப்பாலோ கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் விட்டால் உள்ளிருக்கும் மண்ணைக் கக்கிவிடும். கல்லுப்போடு மண்சட்டியில் மெதுவாக உரசி ஐந்தாறு தண்ணீர் அலசி, கொதிக்கிற குழம்பில் ஐந்து நிமிஷம்.

வயல் நண்டு

வரப்பில் நண்டு வளை என்று நினைத்து வெறுங்கையை விடாதீர்கள். அதே வளையில் பாம்பு இருக்கும்; குச்சி விட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்த வயலில் பிடித்தது என்பதும் முக்கியம். தண்டுத் துளைப்பானுக்குக் குருணை மருந்து போட்ட வயலிலும், அதன் வடிகால் பாயும் வாய்க்காலிலும் அந்தப் பூவுக்கு (சாகுபடிப் பருவத்துக்கு) நண்டே வேண்டாம். செத்துக் கிடக்கும் நண்டை எங்கேயும் எடுக்காதீர்கள்.

அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டால் நண்டு மரத்துப்போகும். அடிவயிற்று மடிப்பை நிமிர்த்திப் பிடுங்கி, மேலோட்டைப் பின்பக்கமிருந்து தூக்குங்கள். இரு பக்கமும் பஞ்சு மாதிரி இருக்கும் செவுளையும், கண்ணுக்குப் பின்னால் உள்ள சிறு இரைப்பையையும் எறிந்துவிட்டு, மஞ்சளாக ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நன்னீர் நண்டில் நுரையீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். மணிப்பூர் முதலான வடகிழக்கு மாநிலங்களில் சரியாக வேகாத நண்டு தின்று நோய் கண்டவர்கள் பலர். ஆய்ந்த கத்தி, பலகை, கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள்.

சளிக்கு வைக்கிற நண்டு ரசத்துக்கு அரைக் கிலோ நண்டு வேண்டும். காலையும் உடலையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் ஓட்டுத் துகள் பொடியாகித் தொண்டையில் குத்தும். ஒரு லிட்டர் தண்ணீர், இடித்த மிளகு, சீரகம் தலா 2 தேக்கரண்டி, பூண்டு 10 பல், சின்ன வெங்காயம் 10, ஒரு தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்து, கொதி வந்ததிலிருந்து இருபது நிமிஷம் மூடிக் கொதிக்கவிடுங்கள். பச்சை நண்டுச் சாற்றைப் பிழிந்து கடைசியில் ஊற்றும் வழக்கத்தைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும், புழு உயிரோடு போவது அதில்தான். வெந்தபின் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கம்பி வடிகட்டி ஓட்டுத் துகளை நிறுத்தாது.