மூடிய அணுவுலைக் காணியில் மண் எடுப்பது எப்படி: கொழும்பிலிருந்து இத்தொழிலுக்குப் பழகுவோருக்கு

அணுவுலை ஒன்றை மூடிக் கட்டடங்களை இடித்த பிறகு, அந்தக் காணியைத் திரும்பப் பொதுமக்களிடம் கொடுக்கலாமா என்ற கேள்வி வரும். அதற்கு ஆதாரத்தோடு பதில் தரவேண்டியவர் சுற்றாடல் விஞ்ஞானி. எரிபொருளை வெளியே எடுத்ததோடு கதிரியக்கத்தின் மிகப் பெரும் பங்கு போய்விடும். மிஞ்சுவது கொங்கிறீற்றிலும் குழாயிலும் வடிகாலிலும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கிடக்கும் சிறு பங்குதான். அதைத் தேடி எடுப்பதும், இல்லாத இடத்தில் இல்லை என்று நிரூபிப்பதுமே இந்த வேலை. இரண்டில் நிரூபிப்பதுதான் கடினம்.

இலங்கையில் அணுமின் நிலையம் கிடையாது. ஆனால் வேலையின் அடிப்படை முழுவதையும் கொழும்பில் இருந்தபடியே பழகலாம். ஒருகொடவத்தையில் அணுசக்தி சபை இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுவிஞ்ஞானத் துறை இருக்கிறது, எந்தத் தோட்டத்து மண்ணிலும் அளப்பதற்கு இயற்கைக் கதிரியக்கம் இருக்கிறது. கருவி விலையுயர்ந்தது என்பதற்காகக் கருவியிலேயே கவனம் முழுவதையும் வைக்கவேண்டாம். பிழைகளில் பெரும்பாலானவை மண் ஆய்வுகூடத்துக்குள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலில் காகிதம், பிறகு மண்வெட்டி

காணிக்குள் கால் வைக்க முன்னர் அதன் வரலாற்றைத் தேடுங்கள். பழைய வரைபடங்கள், வடிகால் பாதைகள், எரிபொருள் குளத்தின் கசிவுப் பதிவுகள், தீ விபத்து, வெள்ளம், மண் கொண்டுவந்து நிரப்பிய இடங்கள் எல்லாம் வேண்டும். ஓய்வுபெற்ற பராமரிப்பு ஊழியர்களிடம் பேசுவது கட்டாயம். வரைபடத்தில் இல்லாத குழாய் அவர்களுடைய நினைவில் இருக்கும்.

எந்தக் கருக்கள், அதாவது கதிர் வீசும் எந்த அணு வகைகள், மிஞ்சியிருக்கும் என்பதையும் வரலாறே சொல்லும். கோபால்ட்-60 இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5.27 ஆண்டு. உலையை மூடி 53 ஆண்டு காத்திருந்தால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். உடனே இடிக்காமல் காத்திருக்கும் நாடுகள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. சீசியம்-137 க்கு அரைவாழ்வு 30 ஆண்டு. அதே 53 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இன்னும் இருக்கும். புளூட்டோனியம்-239 க்கு 24,100 ஆண்டு, அதற்குக் காத்திருப்பதில் பயனே இல்லை.

வரலாறு கையில் வந்ததும் காணியைப் பிரியுங்கள். அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளில் பின்பற்றப்படும் மார்சிம் வழிகாட்டி மூன்று வகுப்புகளைத் தருகிறது. மாசு வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்று நினைக்கும் இடம் முதலாம் வகுப்பு. அங்கே திறந்த வெளியில் ஓர் அளவீட்டுக் கூறு (ஒன்றாக அளந்து முடிவெடுக்கும் நிலத்துண்டு) 2,000 சதுர மீற்றருக்கு மேல் போகக்கூடாது, நிலம் முழுவதையும் கருவியால் வருடிப் பார்க்கவேண்டும். இரண்டாம் வகுப்பில் கூறு 10,000 சதுர மீற்றர் வரை இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் மாசு வரம்பின் சிறு பங்குக்கு மேல் இருக்காது என்று எதிர்பார்க்கிறோம்.

எத்தனை மாதிரி எடுப்பது என்பது ஊகம் அல்ல. வரம்புக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியை, அளவீடுகளின் நியம விலகலால் வகுங்கள். விடை 2 என்றால், இரு பக்கத் தவறுக்கும் (மாசுள்ளதைத் தேறவிடுவது, சுத்தமானதை மறுப்பது) 5 வீதம் விட்டு, குறித் தேர்வு (sign test) என்ற புள்ளிவிபரச் சோதனைக்கு 15 மாதிரி போதும். விடை 1 என்றால் 29 வேண்டும். 2,000 சதுர மீற்றரில் 15 புள்ளியை முக்கோண வலையாக அமைத்தால் புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 12.4 மீற்றர். தொடக்கப் புள்ளியை எழுந்தமானமாகத் தெரிவு செய்யுங்கள். வசதியான இடத்தில் தொடங்கினால் புள்ளிவிபரம் முழுவதும் பழுது.

கைத்தொலைபேசியின் இடங்காட்டி சில மீற்றர் தவறும், கட்டடத்தின் அருகே இன்னும் மோசம். அதனால் அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து நாடாவால் அளந்து புள்ளியைக் குறியுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் அதே குழிக்குத் திரும்பிப் போகவேண்டி வரும்.

மண் எடுக்கும் அரைமணி நேரம்

வேண்டிய பொருட்கள்: 10 சென்ரிமீற்றர் விட்டமும் 5 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட துருப்பிடிக்காத உருக்கு வளையம், ரப்பர் சுத்தியல், உருக்குக் கரண்டி, கழுவும் நீர், துடைக்கும் கடதாசி, தடித்த பொலித்தீன் பைகள், கையுறைகள், அழியாத மை பேனை, பென்சில், தராசு.

மேலே உள்ள புல்லைத் தரையோடு வெட்டித் தனிப் பையில் போடுங்கள், எறிய வேண்டாம். வளையத்தை அடித்து இறக்கி, 0–5, 5–10, 10–15 சென்ரிமீற்றர் என்று மூன்று அடுக்காக எடுங்கள். ஓர் அடுக்கு கிட்டத்தட்ட 390 கன சென்ரிமீற்றர் வரும். காய்ந்த பிறகு அரைக் கிலோ அளவில் நிற்கும். மேல் அடுக்கை எடுத்ததும் குழியின் ஓரத்தைச் சற்று அகலமாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேல் மண் உதிர்ந்து கீழ் அடுக்கில் விழும், மாசு கீழே இறங்கிவிட்டதுபோல் காட்டும். ஆழத் தரவில் இதைவிடப் பொதுவான பொய் வேறில்லை.

சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் கரண்டியைக் கழுவித் துடையுங்கள், கையுறையை மாற்றுங்கள். நாளுக்கு ஒரு தடவை, கழுவிய கரண்டியால் சுத்தமான சிலிக்கா மணலைக் கிளறி அதையும் ஒரு மாதிரியாக அனுப்புங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் உங்கள் கழுவல் சரியில்லை என்று அர்த்தம். இருபது மாதிரிக்கு ஒன்றாவது இரட்டை எடுப்பது நல்லது.

இரண்டு பை போடவேண்டும். பென்சிலால் எழுதிய சீட்டை இரண்டு பைக்கும் நடுவில் வையுங்கள். உள்ளே வைத்தால் ஈரத்தில் ஊறும், வெளியே மட்டும் எழுதினால் வண்டியில் உரசி அழியும். யார் எடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்ற கைமாற்றுப் பதிவில் ஒரு கையொப்பம் விடுபட்டாலும் அந்த மாதிரியை ஒழுங்குமுறை அதிகாரி ஏற்கமாட்டார். அது அவருடைய நியாயம்.

ஈரம் என்ற மோசடிக்காரன்

சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் விடுவிப்பு அளவுகளில் (பொருளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் வரம்புகளில்) சீசியம்-137, கோபால்ட்-60, அமெரிசியம்-241 மூன்றுக்கும் கிராமுக்கு 0.1 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு சிதைவு). ஸ்ட்ரொன்சியம்-90 க்கு 1, ட்ரிட்டியத்துக்கு (கதிரியக்க ஐதரசனுக்கு) 100. அலகை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்: கிராமுக்கு 0.1 என்றால் கிலோவுக்கு 100. ஆய்வுகூடம் கிலோவில் தரும், விதி கிராமில் பேசும். அறிக்கையில் ஆயிரம் மடங்கு பிழை நுழைவது இந்த வாசலால்தான்.

இப்போது ஈரம். மழைக்காலத்து மண்ணில் கால்வாசி தண்ணீர் என்று வையுங்கள். உலர் நிறையில் கிலோவுக்கு 120 பெக்கரல் உள்ள மண், ஈரத்தோடு நிறுத்தால் 90 என்று காட்டும். வரம்பைத் தாண்டிய மண் காகிதத்தில் தேறிவிடும். ஆகவே 105 பாகையில், நிறை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். ஒரு நாள் பிடிக்கும், களிமண் என்றால் கூடுதலாகும். ஈர நிறை, உலர் நிறை இரண்டையும் எழுதுங்கள். ட்ரிட்டியமும் அயடீனும் தேடும் மாதிரியை இப்படிச் சூடாக்கக்கூடாது, அவை ஆவியோடு போய்விடும். அதற்குத் தனிப் பங்கு ஒதுக்கிவையுங்கள்.

பிறகு 2 மில்லிமீற்றர் அரிதட்டில் சலியுங்கள். தங்கிய கற்களை நிறுத்து, கருவியால் பார்த்த பின்னரே ஒதுக்கலாம். கொங்கிறீற்றுத் துண்டாக இருந்தால் அதில்தான் விஷயம் இருக்கும்.

எண்ணும் கருவி

மண்ணை மரினெல்லிப் பாத்திரத்தில் (கருவியைச் சுற்றிப் பொருந்தும் குழிவான பாத்திரம்) அளவீடு செய்த கோடு வரை தட்டி நிரப்பி மூடுங்கள். இயற்கை ரேடியத்தை அதன் மகள் கருக்களால் (அது சிதைந்து உண்டாகும் கருக்களால்) அளப்பதாயின், ரேடோன் கசியாமல் மூடியை ஒட்டி நான்கு கிழமை வைக்கவேண்டும். சீசியத்துக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை.

ஜேர்மானியம் (Ge) என்ற மூலகத்தின் தூய பளிங்கால் காமாவை எண்ணும் கருவி திரவ நைதரசனின் குளிரில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை அளவில், வேலை செய்யும். 2022 இல் கண்டதுபோல் நீண்ட மின்வெட்டு வந்தால் மின்சாரக் குளிரூட்டி நிற்கும், கருவி சூடேறும். அந்நேரம் உயர் மின்னழுத்தம் தானாக நிற்கிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். பாதி சூடேறியதை அவசரப்பட்டுத் திரும்பக் குளிர்விக்க வேண்டாம். முழுவதும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

தினமும் காலையில் சோதனை முதலால் (சோதிப்பதற்கென வைத்திருக்கும் கதிரியக்கப் பொருளால்) சீசியத்தின் 661.7, கோபால்ட்டின் 1173.2, 1332.5 கிலோ இலத்திரன்வோல்ட் உச்சிகள் தங்கள் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து வரைபில் குறியுங்கள். கணக்கு எளிது. தேறிய எண்ணிக்கை 1,800, நேரம் 60,000 செக்கன், வினைத்திறன் (கருவி பிடிக்கும் பங்கு) 0.02, காமா வெளிவரும் பங்கு 0.851, உலர் நிறை 0.6 கிலோ. பின் நான்கையும் பெருக்கினால் 612.7. 1,800 ஐ அதனால் வகுத்தால் கிலோவுக்கு 2.94 பெக்கரல். உச்சியின் கீழ்ப் பின்னணி 400 எண்ணிக்கை என்றால், அதன் வர்க்கமூலம் 20 ஐ 4.65 ஆல் பெருக்கி 2.71 கூட்டினால் 95.7. அதையும் 612.7 ஆல் வகுத்தால் 0.16. கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அது. எதுவும் தெரியாத மாதிரிக்கு அறிக்கையில் “இல்லை” என்று எழுதாதீர்கள், “0.16 க்குக் குறைவு” என்று எழுதுங்கள்.

கோபால்ட்-60 மாதிரி கருவியோடு ஒட்டி இருந்தால் இரண்டு காமாவும் ஒன்றாக விழுந்து 2505 இல் போலி உச்சி எழும், உண்மையான உச்சிகள் இளைக்கும். திருத்தம் செய்யாவிட்டால் குறைத்துச் சொல்வீர்கள். அமெரிசியத்தின் 59.5 போன்ற மெல்லிய காமாவை அடர்ந்த மண் தானே விழுங்கிவிடும். அளவீடு செய்த பொருளின் அடர்த்தியும் மாதிரியின் அடர்த்தியும் ஒத்திருக்கவேண்டும்.

பேருவளை மணல் கற்பிக்கும் பாடம்

பேருவளைக் கரையோரத்தில் மொனசைட்டு மணல் உண்டு, அதில் தோரியம் இருக்கிறது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கனிய ஆய்வாளராக இருந்து 1904 அளவில் தோரியனைற்று என்ற தோரியக் கனியத்தைக் கண்டறிந்ததும் இந்தத் தீவில்தான். கலை வரலாற்றாளராக மட்டும் அவரை அறிந்தவர்கள் இதையும் அறியவேண்டும்.

பல்கலைக்கழகத்தின் ஊடாக அனுமதி பெற்று, பேருவளை மணலையும் வெள்ளவத்தைத் தோட்டத்து மண்ணையும் சோடியம் அயடைட்டுக் கைக்கருவியால் அடுத்தடுத்துப் பாருங்கள். அந்தக் கருவியின் பிரிதிறன் (ஓர் உச்சியின் அகலம்) 662 அருகே 45 கிலோ இலத்திரன்வோல்ட் அளவு. தோரியத் தொடரின் 583 உம் யுரேனியத் தொடரின் 609 உம் வழிந்து சீசியத்தின் இடத்தில் ஏறும். சீசியமே இல்லாத மணலில் சீசியம் தெரியும். மூடிய உலைக் காணியில் ஆற்று மணலோ கருங்கல் சல்லியோ நிரப்பிய மூலையில் இதே ஏமாற்றம் நடக்கும். ஒத்த மண்வகை கொண்ட ஒப்பீட்டுக் காணி இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை என்பது இங்கே கண்முன்னே விளங்கும்.

காமாவுக்கு அகப்படாதவை

ஸ்ட்ரொன்சியம்-90, நிக்கல்-63, ட்ரிட்டியம், காபன்-14 ஆகியவற்றை இரசாயனமாகப் பிரித்தே அளக்கவேண்டும், செலவு அதிகம். அதனால் சில மாதிரியில் மட்டும் அளந்து, சீசியத்தோடு விகிதம் போட்டு மீதியைக் கணிப்பார்கள். உலைக்குள் இருக்கும் கொங்கிறீற்றுக்கு இது சரி. மண்ணுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். சீசியம் இலைற்றுக் களியின் அடுக்குகளுக்குள் இறுகிவிடும், ஸ்ட்ரொன்சியம் தண்ணீரோடு நகர்ந்துவிடும். வடிகாலிலிருந்து தூரம் போகப் போக விகிதம் மாறும். ஒவ்வொரு மண்வகைக்கும் ஆழத்துக்கும் விகிதத்தைத் திரும்ப அளக்கும்படி வாதாடுங்கள், செலவைக் காட்டி மறுத்தாலும் விடாதீர்கள்.

நிலத்தடி நீர் எடுக்கும்போது கிணற்றுக் குழாயின் கொள்ளளவில் மூன்று மடங்கை இறைத்து, கடத்துதிறனும் பி.எச். உம் நிலைத்த பிறகு போத்தலில் பிடியுங்கள். சீசியத்துக்கான போத்தலில் நைத்திரிக் அமிலம் விட்டு பி.எச். 2 க்குக் கீழே கொண்டுவரவேண்டும். ட்ரிட்டியப் போத்தல் கண்ணாடி, அமிலம் இல்லை, விளிம்பு வரை நிரப்பவேண்டும். ட்ரிட்டியத்தால் இருளில் ஒளிரும் கைக்கடிகாரம் கட்டியிருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

வேலைக்குப் போகும் வழி

இரசாயனவியல், பௌதிகவியல், புவியியல், சுற்றாடல் விஞ்ஞானம் எதிலிருந்தும் வரலாம். கூடவே புள்ளிவிபரமும் வரைபட மென்பொருளும் கட்டாயம். இலங்கை, சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உறுப்பு நாடு என்பதால் அதன் பயிற்சிப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். முதுமாணி படிக்கும் பெண்களுக்கு 2020 இல் தொடங்கிய மேரி ஸ்க்லொடொவ்ஸ்கா கியூரித் திட்டம் இருக்கிறது. வேலை பெரும்பாலும் பிரித்தானியாவிலும், 2023 ஏப்ரல் 15 இல் கடைசி மூன்று உலைகளையும் மூடிய ஜேர்மனியிலும், புகுஷிமாவைச் சுத்திகரிக்கும் யப்பானிலும்தான். பாதுகாப்புச் சோதனைக்கு அந்நாட்டில் சில ஆண்டு வசித்திருக்கவேண்டி வரலாம் என்பதால், அங்கே படிப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. உள்ளூரில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், வைத்தியசாலைகளும் தொழிற்சாலைகளும் பாவித்து முடித்த கதிரியக்க முதல்களைக் கையாளும் வேலை உண்டு.

நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழோடு ஒரு கோப்பும் கொண்டுபோங்கள். அதில் ஒரே ஒரு தோட்டத்தின் 15 மாதிரி போதும்: வலை வரைபடம், கைமாற்றுப் பதிவு, ஈர உலர் நிறைகள், இரட்டை மாதிரிகள், வெற்று மணல் மாதிரி, நிச்சயமின்மையோடு எழுதிய முடிவுகள், ஒத்துவராத இரட்டை இருந்தால் அதற்கு நீங்கள் கண்ட காரணம். தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்.